மூன்று ஃபிளிப்-ஃபிளாப், ஆறு நிறம்: புரோகிராம் இல்லாமல் நிறம் மாறும் எல்இடி

கேள்வி இதுதான்: "நான்கு கால் உள்ள ஆர்ஜிபி எல்இடி ஒன்று இருக்கிறது. 5 வோல்ட் சப்ளையில் சிடி4017 ஐசியை வைத்து சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி எரிய வைத்தேன். வெளிச்சம் மங்கல், நீலம் தெரிவதே இல்லை, மஞ்சள் போன்ற கலப்பு நிறங்களும் வரவில்லை. மைக்ரோகன்ட்ரோலர் இல்லாமல், சாதாரண லாஜிக் ஐசிகளை மட்டும் வைத்து நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும்படி செய்ய முடியுமா?"

முடியும். இரண்டே ஐசி போதும். ஆனால் அதற்கு முன், 4017 ஏன் கைகொடுக்கவில்லை என்று பார்த்துவிடலாம். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

முதலில் வெளிச்சம். சிடி4000 வரிசை ஐசிகள் 3 வோல்ட்டிலிருந்து 15 வோல்ட் வரை எந்த சப்ளையிலும் ஓடும், தங்களுக்கென்று மின்சாரமே எடுக்காதது போல இருக்கும். ஆனால் 5 வோல்ட்டில் அவற்றின் அவுட்புட்டுக்குத் தள்ளும் சக்தி குறைவு. வோல்ட்டேஜ் சரியாமல் தர முடிவது சுமார் 1 மில்லிஆம்பியர்தான். அதற்கு மேல் இழுத்தால் அவுட்புட் வோல்ட்டேஜே கீழே இறங்கிவிடும். சிவப்பு எல்இடி 2 வோல்ட்டுக்கு அருகிலேயே எரியத் தொடங்குவதால் அப்போதும் சமாளித்துக்கொள்கிறது. நீலத்துக்கு 3 வோல்ட் வேண்டும். வோல்ட்டேஜ் சரிந்ததும் முதலில் அடிவாங்குவது நீலம்தான்.

நீலத்துக்கு ஏன் அதிக வோல்ட்டேஜ் என்று பலர் கேட்பதுண்டு. எல்இடியில் ஒவ்வொரு எலக்ட்ரானும் தன் ஆற்றலை ஒரு ஒளித்துகளாக வெளியே விடுகிறது. 630 நானோமீட்டர் சிவப்பு ஒளித்துகளின் ஆற்றல் ஏறத்தாழ 2 எலக்ட்ரான்வோல்ட். 470 நானோமீட்டர் நீலத்துக்கு 2.6. அந்த ஆற்றலை எலக்ட்ரானுக்குக் கொடுப்பது நாம் கொடுக்கும் வோல்ட்டேஜ்தான். அதனால் நீலத்துக்கு வோல்ட்டேஜ் கூடுதலாகத்தான் வேண்டும், குறைத்துக் கொடுத்துச் சமாளிக்க வழியில்லை. அந்த ஆற்றலைத் தாங்கும் பொருளைப் படிகமாக வளர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. பிரகாசமான நீல எல்இடி 1990களில்தான் வந்தது. 2014-இல் அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது அதற்குத்தான். நம் நான்கு கால் எல்இடிக்குள் இருக்கும் மூன்றில் ஒரு பங்கு அந்த உழைப்பு.

இரண்டாவது விஷயம், கலப்பு நிறம். 4017-இன் பத்து அவுட்புட்டில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஹை ஆக (அதாவது சப்ளை வோல்ட்டேஜில்) இருக்கும், மற்றவை லோ ஆக (கிரவுண்டில்) இருக்கும். ஒரு கால் அணைந்தால்தான் அடுத்த கால் எரியும். ஆகவே சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்து மஞ்சள் ஆக அங்கே இடமே இல்லை. டயோடுகளை வைத்து இரண்டு அவுட்புட்டுகளைச் சேர்க்கலாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே வோல்ட்டேஜ் போதாத இடத்தில் டயோடு இன்னும் 0.6 வோல்ட் தின்றுவிடும்.

சரி, எப்படி யோசிக்க வேண்டும்? எல்இடியை மறந்துவிட்டு மூன்று பிட் என்று நினையுங்கள். சிவப்பு ஒரு பிட், பச்சை ஒரு பிட், நீலம் ஒரு பிட். மொத்தம் எட்டு நிலை: எதுவும் எரியாதது, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் (சிவப்பும் பச்சையும்), சியான் (பச்சையும் நீலமும்), மெஜந்தா (சிவப்பும் நீலமும்), வெள்ளை (மூன்றும்). எந்த பைனரி கவுன்ட்டரை எடுத்து அதன் மூன்று அவுட்புட்டை மாட்டினாலும் இந்த எட்டும் வந்துவிடும். பலரும் நின்றுவிடுவது இங்கேதான். ஓடவிட்டுப் பார்த்தால் மனசுக்கு ஒட்டாது. பைனரியில் 3-இலிருந்து 4-க்குப் போகும்போது மூன்று பிட்டும் ஒரே நேரத்தில் புரளும். மஞ்சள் எரிந்துகொண்டிருந்த இடத்தில் சட்டென்று நீலம் குதிக்கும். நடுவில் ஒருமுறை முழுக்க அணையும், ஒருமுறை வெள்ளை அடிக்கும். கிறிஸ்துமஸ் சீரியல் விளக்கு மாதிரி இருக்குமே தவிர நிறம் மாறுகிற உணர்வு வராது.

கண்ணுக்கு இதமான வரிசை நிற வட்டத்தின் வரிசை: சிவப்பு, மஞ்சள், பச்சை, சியான், நீலம், மெஜந்தா, மறுபடி சிவப்பு. இதை ஒரு தாளில் மூன்று கோடாக வரைந்து பாருங்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கோடு. சிவப்பு எரிவது மெஜந்தா, சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்று படிகளில். அடுத்த மூன்று படி அணைந்திருக்கும். பச்சை எரிவது மஞ்சள், பச்சை, சியானில். நீலம் எரிவது சியான், நீலம், மெஜந்தாவில். மூன்றும் அச்சு அசல் ஒரே அலை. ஒன்றுக்கொன்று இரண்டு படி, அதாவது 120 டிகிரி தள்ளி நிற்கின்றன. மூன்று ஃபேஸ் மின்சாரத்தின் படம் இதேதான்! அதை எப்போது பார்த்தாலும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

ஆகவே நமக்கு வேண்டியது 120 டிகிரி தள்ளிய மூன்று சதுர அலை. அதைத் தருவது ஜான்சன் கவுன்ட்டர். டி ஃபிளிப்-ஃபிளாப் என்பது, கிளாக் என்ற துடிப்பு வரும் ஒவ்வொரு முறையும் இன்புட்டில் உள்ள பிட்டைப் பிடித்து அவுட்புட்டில் வைத்துக்கொள்ளும் சர்க்யூட். மூன்று டி ஃபிளிப்-ஃபிளாப்பை வரிசையாகக் கோத்து, கடைசியின் தலைகீழ் அவுட்புட்டை முதலாவதின் இன்புட்டுக்குத் திருப்பிக் கொடுத்தால் அதுதான் ஜான்சன் கவுன்ட்டர். அதன் நிலைகள் 000, 100, 110, 111, 011, 001 என்று போய் மறுபடி 000-க்கு வரும். ஆறு படி, ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு பிட் மாறுகிறது. ஆனால் இப்படியே மாட்டினால் 000-இல் எல்லாம் அணையும், 111-இல் வெள்ளை அடிக்கும். ஏனென்றால் இதில் அடுத்தடுத்த பிட்டுகள் ஒரு படி, அதாவது 60 டிகிரிதான் தள்ளியிருக்கின்றன. நடுவில் உள்ள பிட்டை மட்டும் தலைகீழாக எடுங்கள். 60-உடன் 180 சேர்ந்து 240 ஆகிறது. 0, 240, 120: மூன்று ஃபேஸ் வந்துவிட்டது. நிற வட்டத்தை எதிர்த்திசையில் சுற்றும், அவ்வளவுதான். அணைவதும் இல்லை, வெள்ளையும் இல்லை.

ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பில் தலைகீழ் அவுட்புட் தனியாக ஒரு காலில் வெளியே வந்தால் அதற்குத் தனி கேட் கூட வேண்டாம். 74எச்சி175 என்ற ஐசியில் நான்கு டி ஃபிளிப்-ஃபிளாப்புகள் உள்ளன. நான்குக்கும் கிளாக் பொது, கிளியர் (எல்லாவற்றையும் பூஜ்ஜியமாக்கும் கால்) பொது. நேர், தலைகீழ் இரண்டு அவுட்புட்டும் ஒவ்வொன்றுக்கும் உண்டு. இந்த வேலைக்கென்றே செய்தது போன்ற ஐசி. கிளாக் தர 74எச்சி14. அவ்வளவுதான் பட்டியல்.

எச்சி என்ற எழுத்தைக் கவனித்து வாங்குங்கள். இந்த வரிசை 2 முதல் 6 வோல்ட் வரைதான் தாங்கும், 9 வோல்ட் பேட்டரியை நேரடியாகக் கொடுத்தால் போய்விடும். எல்எஸ் என்று எழுதிய பழைய வரிசை ஐசி கிடைத்தால் இந்த வேலைக்கு வேண்டாம். அது கீழே இழுப்பதில் பலசாலி, மேலே தள்ளுவதில் 0.4 மில்லிஆம்பியரோடு நின்றுவிடும்.

74எச்சி175-க்கு வயர் போடுவோம். 16-வது கால் 5 வோல்ட், 8-வது கால் கிரவுண்டு. 11-வது காலிலிருந்து (மூன்றாவது ஃபிளிப்-ஃபிளாப்பின் தலைகீழ் அவுட்புட்) 4-வது காலுக்கு (முதலாவதின் இன்புட்) ஒரு வயர். 2-லிருந்து 5-க்கு ஒரு வயர். 7-லிருந்து 12-க்கு ஒரு வயர். இந்த மூன்று வயரோடு ஜான்சன் கவுன்ட்டர் முடிந்தது. நான்காவது ஃபிளிப்-ஃபிளாப் நமக்குத் தேவையில்லை, அதன் இன்புட்டான 13-வது காலைக் கிரவுண்டில் கட்டுங்கள். 14, 15 கால்கள் அவுட்புட், அவற்றைச் சும்மா விடலாம். நிறங்களுக்கு: சிவப்பு 2-வது காலிலிருந்து, பச்சை 6-வது காலிலிருந்து (இதுதான் நடுப்பிட்டின் தலைகீழ்), நீலம் 10-வது காலிலிருந்து. கிளாக் 9-வது காலுக்கு வரும், கிளியர் 1-வது காலுக்கு.

இது பொதுக் கேத்தோடு எல்இடிக்கு, அதாவது பொதுக்கால் கிரவுண்டுக்குப் போகும் வகைக்கு. உங்களிடம் இருப்பது பொது ஆனோடு வகை என்றால் பதற வேண்டாம். பொதுக்காலை 5 வோல்ட்டில் வைத்து, நிறங்களை 3, 7, 11-வது கால்களிலிருந்து எடுங்கள். அவுட்புட் லோ ஆகும்போது எல்இடி எரியும். ஒவ்வொன்றின் எதிர் அவுட்புட்டும் பக்கத்திலேயே இருப்பதால் வேறெதையும் தொட வேண்டியதில்லை. எந்த வகை என்று தெரியாவிட்டால், மிக நீளமான கால்தான் பொதுவாகப் பொதுக்கால்; 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் வைத்து 5 வோல்ட்டில் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எது சிவப்பு, எது நீலம் என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள், தயாரிப்புக்குத் தயாரிப்பு வரிசை மாறும். இரண்டே கால் உள்ள, தானாக நிறம் மாறும் எல்இடியும் உண்டு. அதற்குள்ளேயே ஒரு சிறிய ஐசி இருக்கிறது. இந்த சர்க்யூட்டுக்கு அது ஆகாது.

இப்போது ஒரு முக்கியமான இடத்தில் சற்று நிற்க வேண்டும். மூன்று பிட்டுக்கு எட்டு நிலை உண்டு, ஜான்சன் கவுன்ட்டர் பயன்படுத்துவது ஆறுதான். மீதி இரண்டு, 010-உம் 101-உம், எங்கே போயின? கையால் போட்டுப் பாருங்கள். 010-இல் இருந்து அடுத்த கிளாக்குக்கு 101 வரும். 101-இல் இருந்து மறுபடி 010 வரும். இரண்டும் தமக்குள் ஒரு தனி வட்டம் கட்டிக்கொண்டு சுற்றும். வெளியே வரவே வராது. சப்ளை போடும்போது ஃபிளிப்-ஃபிளாப்புகள் எந்த நிலையில் விழிக்கும் என்பது நம் கையில் இல்லை. அந்த இரண்டில் ஒன்றில் விழித்தால், நடுப்பிட் தலைகீழாக இருப்பதால், எல்இடி வெள்ளை, இருட்டு, வெள்ளை, இருட்டு என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

நான் முதல் முறை இதைக் கட்டியபோது கிளியர் காலை நேரே 5 வோல்ட்டில் கட்டிவிட்டேன். இரவு அழகாக ஓடியது. காலையில் போட்டால் வெள்ளை மட்டும் விட்டுவிட்டு அடிக்கிறது. ஐசி போய்விட்டது என்று மாற்றினேன், சரியாயிற்று. மறுநாள் மறுபடி வெள்ளை. கழற்றி வைத்த பழைய ஐசியைப் போட்டால் அது நன்றாக ஓடுகிறது! அப்புறம்தான் பென்சில் எடுத்து எட்டு நிலைகளையும் எழுதினேன். இரண்டு நிமிடத்தில் தெரிந்தது. அன்றிலிருந்து எந்தக் கவுன்ட்டரைக் கட்டினாலும், பயன்படாத நிலைகள் எங்கே போய்ச் சேரும் என்று எழுதிப் பார்க்காமல் நான் வயர் எடுப்பதில்லை.

தீர்வு எளிது: சப்ளை வந்ததும் கிளியர் காலைக் கொஞ்ச நேரம் லோ ஆக வைத்திருக்க வேண்டும். 74எச்சி14-இல் ஆறு இன்வெர்ட்டர் (இன்புட்டைத் தலைகீழாக்கித் தரும் கேட்) இருக்கின்றன. கிளாக்குக்கு இரண்டுதான் தேவை, இன்னும் இரண்டை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். 5 வோல்ட்டிலிருந்து 100 கிலோஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். இரண்டும் சேரும் புள்ளியை 74எச்சி14-இன் 5-வது காலில் கொடுங்கள். 6-லிருந்து 9-க்கு ஒரு வயர். 8-வது காலிலிருந்து 175-இன் 1-வது காலுக்கு. கெப்பாசிட்டர் நிறையும் வரை, அதாவது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம், கிளியர் லோ ஆக இருந்து மூன்று பிட்டையும் பூஜ்ஜியமாக்கும். 000 என்றால் பச்சை மட்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் உங்கள் எல்இடி பச்சையில்தான் விழிக்கும். பச்சையில் விழிக்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடமும் இதுதான்.

கிளாக். 74எச்சி14-இன் 14-வது கால் 5 வோல்ட், 7-வது கால் கிரவுண்டு. 1-வது காலுக்கும் 2-வது காலுக்கும் நடுவே 100 கிலோஓம் ரெசிஸ்டர். 1-வது காலிலிருந்து கிரவுண்டுக்கு 22 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர், மைனஸ் முனை கிரவுண்டில். இது ஷ்மிட் ட்ரிக்கர் வகை இன்வெர்ட்டர். மேலேறும்போது ஒரு வோல்ட்டேஜிலும் கீழிறங்கும்போது அதைவிடக் குறைந்த இன்னொரு வோல்ட்டேஜிலும் மனம் மாறும். கெப்பாசிட்டர் அந்த இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், 2-வது காலில் சதுர அலை வரும். 5 வோல்ட்டில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ ரெசிஸ்டர் பெருக்கல் கெப்பாசிட்டர் பெருக்கல் 0.8. இங்கே அது ஒன்றே முக்கால் விநாடி. ஆறு படிக்குப் பத்தரை விநாடி. இதைத் துல்லியமாக எதிர்பார்க்காதீர்கள். எலக்ட்ரோலிடிக்கின் அளவே 20 சதவீதம் கூடலாம் குறையலாம், ஐசிக்கு ஐசி அந்த வோல்ட்டேஜ்களும் மாறும். வேகத்தைக் கையால் மாற்ற வேண்டுமானால் 100 கிலோஓமுக்குப் பதில் 10 கிலோஓமும் 220 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டரும் தொடரில் வையுங்கள்.

மெதுவாக ஓடட்டும் என்று ரெசிஸ்டரை 1 மெகாஓம், 2 மெகாஓம் என்று ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் உள்ளுக்குள் கொஞ்சம் கசியும். ரெசிஸ்டர் தரும் மின்னோட்டம் முழுக்க அந்தக் கசிவிலேயே போய், அலை நின்றுவிடும். மெதுவாக்கக் கெப்பாசிட்டரைக் கூட்டுவதே நல்லது.

2-வது காலை நேரே 175-க்குக் கொடுக்காமல் 3-வது காலில் கொடுத்து, 4-வது காலிலிருந்து 175-இன் 9-வது காலுக்கு எடுங்கள். 74எச்சி14-இன் 11, 13-வது கால்கள் பயன்படாத இன்புட்டுகள்; இரண்டையும் கிரவுண்டில் கட்டுங்கள். தொங்கவிட்ட சிமாஸ் (இந்த ஐசிகளின் வகை) இன்புட் கை பக்கத்தில் வந்தாலே புரளும், ஐசி காரணமில்லாமல் சூடாகும். அப்புறம், ஒவ்வொரு ஐசியின் சப்ளை காலுக்கும் கிரவுண்டு காலுக்கும் நடுவே, முடிந்தவரை ஒட்டி, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று. இது இல்லாவிட்டாலும் பல நேரம் ஓடும்; அதனாலேயே இதை விட்டுவிடுகிறார்கள். எல்இடி மாறும் நொடியில் சப்ளையில் ஒரு சின்ன அதிர்வு போகும், ஃபிளிப்-ஃபிளாப் அதை இன்னொரு கிளாக் என்று எடுத்துக்கொண்டு ஒரு நிறத்தைத் தாண்டிப் போகும். சிவப்புக்கு அடுத்து மெஜந்தா வராமல் நேரே நீலம் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ரெசிஸ்டர்களுக்கு வருவோம். 74எச்சி அவுட்புட் ஒன்றுக்கு 25 மில்லிஆம்பியர், ஐசி முழுக்க 50 மில்லிஆம்பியர் என்பது உடைந்துபோகும் எல்லை. அங்கே போய் நிற்கத் தேவையில்லை. ஒரு நிறத்துக்கு 5 மில்லிஆம்பியர் கொடுத்தாலே இன்றைய எல்இடிகள் நன்றாகத் தெரியும். நம் வட்டத்தில் ஒரு நேரத்தில் இரண்டுக்கு மேல் எரிவதே இல்லை என்பதும் வசதி. சிவப்புக்கு 560 ஓம், நீலத்துக்கு 330 ஓம் என்று தொடங்குங்கள். பச்சைக்கும் கணக்குப்படி 330 ஓம்தான் வரும், ஆனால் அப்படிப் போட்டால் மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் எலுமிச்சைப் பச்சைதான் வரும். நம் கண் பச்சைக்கு மிகவும் கூர்மையானது. 680 ஓமோ 1 கிலோஓமோ வைத்துப் பாருங்கள். இதை ஃபார்முலா வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓட்டத்தை மஞ்சளில் நிறுத்தி (74எச்சி14-இன் 1-வது காலைத் தற்காலிகமாகக் கிரவுண்டில் தொட்டால் நின்றுவிடும்), பச்சையின் ரெசிஸ்டரை மாற்றி மாற்றி, கண் "மஞ்சள்" என்று சொல்லும் வரை பாருங்கள். மஞ்சள் சரியானால் மற்ற நிறங்கள் தாமாகவே ஓரளவு சரியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. வெளிச்சம் கூடட்டும் என்று சிவப்பின் ரெசிஸ்டரை 100 ஓமுக்குக் குறைத்தால் வரிசையே குழம்பலாம். 175-இன் 2-வது கால் எல்இடியை மட்டும் ஓட்டவில்லை, அடுத்த ஃபிளிப்-ஃபிளாப்புக்கும் அதுதான் செய்தி சொல்கிறது. அதிக மின்னோட்டத்தில் அதன் வோல்ட்டேஜ் 3.5-க்குக் கீழே சரிந்தால் அடுத்தது அதை ஹை என்று ஏற்கும் என்ற உத்தரவாதம் போய்விடுகிறது. பொதுக் கேத்தோடு வகையில், மூன்று நிறங்களில் சிவப்புக்கு மட்டும்தான் இந்த இரட்டை வேலை. பச்சை 6-லிருந்து வருகிறது, செய்தி போவது 7-லிருந்து. நீலம் 10-லிருந்து, செய்தி 11-லிருந்து.

இதுவரை செய்தது படிப்படியாக மாறும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கரைந்து போக வேண்டும் என்பதுதானே உங்கள் ஆசை? ஒவ்வொரு நிறமும் மூன்று படி, அதாவது ஐந்து விநாடிக்கு மேல் எரிகிறது, அதே அளவு அணைந்திருக்கிறது. அவ்வளவு நேரம் இருப்பதால் கரைவதற்கு ஒரு கெப்பாசிட்டரே போதும். 175-இன் அவுட்புட்டிலிருந்து 10 கிலோஓம் ரெசிஸ்டர்; அதன் மறுமுனையில் பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸ்; அதே புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட். கலெக்டர் நேரே 5 வோல்ட்டில். எமிட்டரிலிருந்து ரெசிஸ்டர் வழியாக எல்இடியின் காலுக்கு. மூன்று நிறத்துக்கும் இதே போல் மூன்று செட். 10 கிலோஓமும் 100 மைக்ரோஃபாரட்டும் சேர்ந்தால் கால மாறிலி (கெப்பாசிட்டர் எவ்வளவு மெதுவாக நிறைகிறது என்பதன் அளவு) 1 விநாடி. பேஸ் வோல்ட்டேஜ் மெல்ல ஏறும், எமிட்டர் அதற்கு 0.65 வோல்ட் பின்னால் தொடரும், எல்இடி மெல்ல விழிக்கும். பொதுக் கேத்தோடு எல்இடிக்குத்தான் இந்த அமைப்பு.

இங்கே 10 கிலோஓமுக்குப் பதில் 100 கிலோஓமும் சின்னக் கெப்பாசிட்டரும் போட்டால் கெப்பாசிட்டர் சிறியதாகுமே என்று தோன்றும். செய்யாதீர்கள். எல்இடிக்கு 9 மில்லிஆம்பியர் போக வேண்டுமென்றால், டிரான்சிஸ்டர் 200 மடங்கு பெருக்கினாலும், பேஸுக்கு 45 மைக்ரோஆம்பியர் வேண்டும். 10 கிலோஓமில் அது 0.45 வோல்ட்டைத் தின்னும், தாங்கலாம். 100 கிலோஓமில் 4.5 வோல்ட் தின்ன வேண்டியிருக்கும், எல்இடி எரியாது. கால மாறிலி ஒன்றுதான், ஆனால் மின்னோட்டக் கணக்கு வேறு.

டிரான்சிஸ்டரும் பேஸ் ரெசிஸ்டரும் தின்றது போக எமிட்டரில் மிஞ்சுவது சுமார் 3.9 வோல்ட். நீலம் 3.1 எடுத்துக்கொண்டால் ரெசிஸ்டருக்கு 0.8 வோல்ட்தான் மீதி. ஆகவே நீலத்துக்கு 100 ஓம், சிவப்புக்கு 220 ஓம், பச்சைக்கு 220 ஓம் என்று மாற்றுங்கள். இன்னொன்றையும் கவனிப்பீர்கள்: சிவப்பு சீக்கிரம் விழித்து மெதுவாக அணையும், நீலம் தாமதமாக விழித்துச் சட்டென்று அணையும். சிவப்பு எரிய பேஸ் 2.5 வோல்ட் தாண்டினால் போதும், அது 0.7 விநாடியில் வந்துவிடும். நீலத்துக்கு 3.7 வோல்ட் தாண்ட வேண்டும், அதற்கு 1.3 விநாடி ஆகும். நீலத்தின் கெப்பாசிட்டரை மட்டும் 47 மைக்ரோஃபாரட் ஆக்கினால் அந்தத் தாமதம் பாதியாகும். அணையும்போது இன்னும் சட்டென்று அணையும், ஆனால் கண்ணுக்கு விழிப்பதுதான் முதலில் தெரிகிறது. எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது.

இதைவிடச் சீரான கரைதல் வேண்டுமென்றால் ஒரு அழகான வழி உண்டு. கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு சதுர அலைகளை, சுமார் 200 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம், 74எச்சி86-இன் ஒரு எக்ஸ்ஓஆர் கேட்டுக்குக் கொடுங்கள். இரண்டும் ஒத்துப்போகும்போது அவுட்புட் முழுக்க லோ, நேரெதிராக இருக்கும்போது முழுக்க ஹை, நடுவில் இருக்கும்போது அதற்கேற்ற விகிதம். வேகங்களின் வித்தியாசம் 0.2 ஹெர்ட்ஸ் என்றால் ஐந்து விநாடிக்கு ஒருமுறை எல்இடி நேர்கோட்டில் ஏறி இறங்கும்; கெப்பாசிட்டரின் வளைவு இருக்காது. ஆனால் ஒரே 74எச்சி14-க்குள் இரண்டு அலைகளையும் உண்டாக்கினால் சப்ளை வழியாக ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும், எல்இடி ஒரு வெளிச்சத்திலேயே நின்றுவிடும். தனித்தனி ஐசியில் வைத்தால் பிழைக்கும். முதல் சர்க்யூட் ஓடிய பிறகு இதை முயன்று பாருங்கள், முதலிலேயே வேண்டாம்.

கட்டும்போது ஒரே மூச்சில் முழுவதையும் மாட்டாதீர்கள். முதலில் 74எச்சி14 மட்டும். அதன் 4-வது காலில் 1 கிலோஓமோடு ஒரு சாதாரண எல்இடி சீராக விழித்து அணைகிறதா என்று பாருங்கள். அப்புறம் 175-ஐச் சேர்த்து, டிரான்சிஸ்டர் இல்லாமல் ஆறு நிறமும் வரிசையாக வருகிறதா என்று பாருங்கள்: பச்சை, மஞ்சள், சிவப்பு, மெஜந்தா, நீலம், சியான். அது சரியான பிறகே கரைக்கும் பகுதி. நீளமான பிரெட்போர்டாக இருந்தால் ஓரத்து சப்ளை வரிசை நடுவில் அறுந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்த்துவிடுங்கள். சிவப்புக் கோடு நடுவில் விட்டிருந்தால் அங்கே உள்ளே இருக்கும் தகடும் விட்டிருக்கும்; ஒரு ஐசிக்கு சப்ளையே போகாமல், இன்புட் வழியாகக் கசிந்த மின்சாரத்தில் அரைகுறையாக ஓடிக் குழப்பும்.

எல்லாம் ஓடிய பிறகு ஒன்று மிச்சம். தெளிவான கண்ணாடித் தலை உள்ள ஆர்ஜிபி எல்இடியைச் சுவரை நோக்கித் திருப்பினால் மஞ்சளுக்குப் பதில் சிவப்பு வட்டமும் பச்சை வட்டமும் பக்கத்தில் பக்கத்தில் விழும். உள்ளே மூன்று சில்லுகளும் தனித்தனி இடத்தில் இருப்பதால் வரும் சிக்கல் அது. எல்இடியின் தலையை மெல்லிய உப்புத்தாளால் வெண்மையாகும் வரை தேயுங்கள். அல்லது ஒரு வெள்ளை டேபிள் டென்னிஸ் பந்தில் சின்னத் துளை போட்டு எல்இடியை உள்ளே செருகுங்கள். பந்து முழுவதும் ஒரே நிறமாக ஒளிரும். விளக்கை அணைத்துவிட்டு, மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகும் அந்த ஆரஞ்சு நேரத்தைப் பாருங்கள்.